ஆல்டோவுக்கு வீட்டிலேயே கிளட்ச் மாற்ற முடியுமா?

கேள்வி இதுதான்: 2009 மாடல் மாருதி ஆல்டோ, 796 சிசி பெட்ரோல். ஏற்காடு மலை ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம்தான் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. கருகிய வாசனையும் வருகிறது. மெக்கானிக் கிளட்ச் செட்டையே மாற்றச் சொல்கிறார். கையில் ஓரளவு ஸ்பேனர் செட் இருக்கிறது, உதவிக்கு நண்பர் ஒருவர் வருவார். வீட்டிலேயே மாற்றிவிடலாமா?

மாற்றலாம். இந்த வேலையைக் கற்றுக்கொள்ள பழைய ஆல்டோவைவிட நல்ல வண்டி கிடைப்பது கஷ்டம். கியர்பாக்ஸ் சின்னது, கிளட்ச் கேபிளில் இயங்குகிறது, பாகங்கள் எந்த ஊரிலும் கிடைக்கும். ஆனால் பணம் மிச்சமாகும் என்று நினைத்து இறங்காதீர்கள். நம் ஊரில் இந்த வண்டிக்கு வாங்கும் கூலி அதிகமில்லை. நல்ல டிராலி ஜாக்கி, ஜாக் ஸ்டாண்ட், டார்க் ரென்ச் (அளந்து முடுக்கும் ஸ்பேனர்) எல்லாம் புதிதாக வாங்கினால் அந்தக் கூலியைத் தாண்டிவிடும். அவசரமில்லாமல், உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து, சுத்தமாகச் செய்ய வேண்டும் என்ற ஆசைதான் வீட்டில் செய்வதற்குச் சரியான காரணம். இந்த வேலையில் கிளட்சைக் கழற்றி மாட்டுவது அரை மணி நேரம்கூட ஆகாது. அதை எட்டுவதற்குள் கழற்ற வேண்டியவைதான் மீதி நேரம் முழுக்க. அதனால் கழற்றுவதற்கு முன்னால் நோயைச் சரியாகக் கண்டுபிடியுங்கள். கழற்றிய பிறகு உள்ளே எதையும் பாதியில் விட்டு மூடாதீர்கள்.

முதலில் நோய். கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்க்க, காலியான சமதள ரோட்டில் நாலாவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போய் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். இன்ஜின் சட்டென்று இரைந்து, வேகம் அதற்கேற்ப ஏறவில்லை என்றால் வழுக்குகிறது. இன்ஜினும் வேகமும் சேர்ந்தே மந்தமாக ஏறினால் கிளட்ச் மேல் பழி போடாதீர்கள். அது இன்ஜின் பலவீனமாக இருக்கலாம், பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுவதாகவும் இருக்கலாம். கருகிய வாசனையை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம், பிடித்திருக்கும் பிரேக்கும் அதே மாதிரிதான் நாறும்.

அடுத்து, பெடலின் ஃப்ரீ பிளே. கையால் பெடலை மெல்ல அழுத்தினால் கனம் தெரிவதற்கு முன் ஏறக்குறைய 2 செ.மீ. லேசாக இறங்க வேண்டும். கியர்பாக்ஸ் மேல் கேபிள் வந்து சேரும் ஆர்மில் பார்த்தால் 2 முதல் 4 மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. கிளட்ச் பிளேட் தேயத் தேய, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் முகம், இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் பக்கமாக நகரும். அதனால் அதன் டயஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள் எதிர்த் திசையில், கியர்பாக்ஸ் பக்கமாக வெளியே வரும். அந்த விரல்கள், பெடலை மிதிக்கும்போது அவற்றை அழுத்தும் ரிலீஸ் பேரிங்கை நெருங்க நெருங்க ஃப்ரீ பிளே குறைந்துகொண்டே போய் ஒரு நாள் பூஜ்ஜியமாகிவிடும். அதன் பிறகு நீங்கள் பெடலில் கால் வைக்காவிட்டாலும் பேரிங் விரல்களை லேசாக அழுத்திக்கொண்டே இருக்கும், பாதி மிதித்த கிளட்ச் மாதிரி. நல்ல பிளேட்கூட அந்த நிலையில் வழுக்கும். எனவே முதலில் கேபிள் முனையில் உள்ள அட்ஜஸ்டிங் நட்டைத் திருப்பி, ஃப்ரீ பிளே கொடுத்து, ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். வழுக்கல் நின்றுவிட்டால் உங்களுக்குக் கொஞ்ச காலம் கிடைத்தது. நிற்கவில்லை என்றால், அல்லது கேபிளில் சரிசெய்ய இடமே மிச்சமில்லை என்றால், பிளேட் தேய்ந்துவிட்டது. தாராளமாகக் கழற்றலாம்.

சத்தத்தையும் இப்போதே கேட்டு வையுங்கள். பெடலை மிதிக்கும்போது மட்டும் கீச்சென்றோ உறுமலாகவோ சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில், பெடலை விட்டிருக்கும்போது வந்து, மிதித்தால் மறைந்தால் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் (கிளட்சிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டு) பேரிங். இரண்டாவது வகை என்றால் புது கிளட்ச் போட்டாலும் சத்தம் போகாது, கியர்பாக்ஸையே பிரிக்க வேண்டியிருக்கும். கிளட்சை மூடியிருக்கும் கியர்பாக்ஸின் வாய்ப்பகுதியான பெல் ஹவுசிங்கின் அடியில் எண்ணெய் கசிந்து ஈரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணெய் பட்டு வழுக்கும் பிளேட் என்றால், கசிவைத் தடுக்கும் ஆயில் சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் திரும்ப இதே இடத்தில்தான் நிற்பீர்கள்.

பாகங்கள் விஷயத்தில் நான் கறாராகச் சொல்வேன்: கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ‘பிளேட் மட்டும் போட்டால் போதும்’ என்று கடையில் சொல்வார்கள். தேய்ந்த பிரஷர் பிளேட்டோடு புது பிளேட் சேர்ந்தால் பிடிமானம் ஒழுங்காக வராது, வண்டியை எடுக்கும்போது உதறும். பழைய பேரிங் ஆறு மாதத்தில் சத்தம் போட்டால் மறுபடியும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கேபிள் பழையது என்றால் அதையும் மாற்றிவிடுங்கள். இவற்றோடு கிராங்க்ஷாஃப்டின் பின் முனையில் வரும் ஆயில் சீல், டிரைவ் ஷாஃப்ட் (முன் சக்கரங்களைச் சுழற்றும் தண்டு) சீல் இரண்டு, கியர் ஆயில் இவ்வளவும் வேண்டும். கியர் ஆயில் சுமார் 2 லிட்டர்தான் பிடிக்கும், சற்றுக் கூடுதலாகவே வாங்கி வையுங்கள். கிரேடு என்ன என்று வண்டியோடு வந்த கையேட்டில் பார்த்து அதையே வாங்குங்கள். பொதுவாக 75டபிள்யூ-90, ஜிஎல்-4. மாருதியின் ஒரிஜினல் பாகமும் சரி, வேலியோ, லுக், எக்ஸெடி போன்ற கம்பெனிகளின் செட்டும் சரி, நன்றாகவே உழைக்கும். போலிப் பெட்டிகள் சந்தையில் உண்டு என்பதால் பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள். வாங்கியதும் பழைய பிளேட்டோடு விட்டத்தையும் நடுத் துளையில் உள்ள ஸ்ப்லைன் பற்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வரை பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். 2000-இல் வந்த ஆல்டோவுக்கும், 2010-இல் வந்த கே10-க்கும், 2012-இல் வந்த ஆல்டோ 800-க்கும் பெயர்தான் ஒன்று போல் இருக்கும். கடையில் மாடலோடு வருடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்போது பாதுகாப்பு. இதைத் தாண்டிப் போகாமல் நிதானமாகப் படியுங்கள். வண்டிக்கு அடியில் படுத்து, தலைக்கு மேல் கியர்பாக்ஸை அசைக்கும் வேலை இது. கெட்டியான சிமென்ட் தரை வேண்டும். மண் தரையிலும் சரிவான போர்ட்டிகோவிலும் செய்ய வேண்டாம். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு ஜாக் ஸ்டாண்ட்தான். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி வண்டியை நிறுத்துவதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். அவை விரிசல் காட்டி எச்சரிப்பதில்லை, ஒரே நொடியில் நொறுங்கும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள். ஸ்டாண்டில் உட்கார்ந்த பிறகு வண்டியைக் கையால் நன்றாகக் குலுக்கிப் பாருங்கள், விழுவதாக இருந்தால் நீங்கள் அடியில் இல்லாதபோதே விழட்டும். கழற்றிய முன் சக்கரங்களை இரு பக்கமும் பாடிக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள். தனியாக இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

மெக்கானிக் இதை அரை நாளில் முடிப்பார். முதல் தடவை என்றால் இரண்டு நாள் ஒதுக்குங்கள். மறுநாள் காலை ஆபீஸுக்கு இதே வண்டி வேண்டும் என்ற நெருக்கடியோடு ஆரம்பிக்க வேண்டாம்.

கழற்றும் முன் ஒவ்வொரு இணைப்பையும் போனில் படம் எடுங்கள். போல்ட்டுகளைக் கலக்காமல், எதிலிருந்து வந்தது என்று எழுதிய கவரில் போடுங்கள். பெல் ஹவுசிங் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே இளக்கிவிட்டுத் தூக்குங்கள்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் எடுங்கள். பேட்டரி, ஏர் ஃபில்டர் பெட்டி வெளியே வந்தால் மேலிருந்து கை போக இடம் கிடைக்கும். கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் சுவிட்ச் வயர், எர்த் வயர், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாவற்றையும் விடுவியுங்கள். அடியில் கியர் ராடுகள் இரண்டு வரும், அவற்றைக் கழற்றுங்கள். கே10 என்றால் அங்கே ராடுக்குப் பதில் கேபிள் இருக்கும். அப்புறம் கியர் ஆயிலை வடியுங்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: வடிக்கும் போல்ட்டைத் திறக்கும் முன் ஆயில் நிரப்பும் போல்ட்டை இளக்கிப் பாருங்கள். அது துருப்பிடித்து வரமாட்டேன் என்றால், ஆயிலை வடித்த பிறகு நிரப்ப வழியில்லாமல் போய்விடும்.

டிரைவ் ஷாஃப்டை எடுக்க நடுவில் உள்ள பெரிய ஹப் நட்டைத் தொட வேண்டியதில்லை. லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட்டைக் கழற்றி, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளை வெளியே இழுத்தால் இடம் கிடைக்கும். ஷாஃப்டின் உள் முனைக்கும் கியர்பாக்ஸ் உடம்புக்கும் இடையில் தட்டையான கம்பியைக் கொடுத்து நெம்பினால் அதைப் பிடித்திருக்கும் வளையமான சர்க்ளிப் விட்டுக்கொடுத்து வெளியே வரும். ஷாஃப்டைப் பிடித்து இழுக்காதீர்கள், உள்ளே ஜாயின்ட் பிரிந்துவிடும். வந்த பிறகு தொங்க விடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். சீல் உட்காரும் இடத்தில் கீறல் விழக் கூடாது.

அடுத்ததுதான் பதற்றமான கட்டம். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து மூன்று மவுண்டுகளில் தொங்குகின்றன. கியர்பாக்ஸ் பக்க மவுண்டைக் கழற்றியதும் இன்ஜின் அந்தப் பக்கம் சாயும். அதனால் முதலில் இன்ஜினுக்கு அடியில், ஆயில் சம்ப் முழுக்கப் படுகிற மாதிரி அகலமான மரப்பலகை வைத்து ஒரு ஜாக்கியால் தாங்குங்கள். மேலிருந்து குறுக்குக் கம்பியில் சங்கிலி போட்டுத் தொங்கவிட முடிந்தால் இன்னும் நல்லது. இன்னொரு ஜாக்கி கியர்பாக்ஸுக்கு. பிறகு மவுண்டையும் பெல் ஹவுசிங் போல்ட்டுகளையும் கழற்றுங்கள். ஒரு போல்ட்டைக் கடைசி வரை பாதி இளகிய நிலையில் விட்டு வையுங்கள், நீங்கள் தயாராகும் முன் கியர்பாக்ஸ் கீழே வராது. இரண்டு பாதிகளையும் பிரிக்க டவல் பின்கள் (இரண்டையும் நேராகப் பொருத்தும் ஊசிகள்) அருகே மெல்ல நெம்புங்கள், அலுமினிய முகத்தில் ஸ்க்ரூ டிரைவரை அடித்து இறக்காதீர்கள். கியர்பாக்ஸை இன்ஜினை விட்டு நேராக விலக்கி இழுத்து, இன்புட் ஷாஃப்ட் கிளட்சை விட்டு முழுதாக வெளியே வந்த பிறகுதான் கீழே இறக்க வேண்டும். பாதியில் சாய்த்தால் மொத்த எடையும் அந்த ஷாஃப்ட் மேலும் பிளேட்டின் நடுப்பகுதி மேலும் விழும். திரும்ப மாட்டும்போது இந்த விதி இன்னும் முக்கியம், ஏனென்றால் அப்போது வளைவது உங்கள் புது பிளேட்.

உள்ளே கறுப்புத் தூசி நிறைய இருக்கும். ஏர் பம்பு வைத்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் (பிளேட்டின் உராயும் பட்டை) ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததுண்டு, அந்தத் தூசி நுரையீரலுக்குள் போகக் கூடாது. மாஸ்க் போட்டுக்கொண்டு, பிரேக் கிளீனர் அடித்து நனைத்துத் துணியால் துடையுங்கள்.

பிரஷர் பிளேட் போல்ட்டுகளை ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. எதிரெதிராக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இளக்குங்கள். பிளேட் வெளியே வந்ததும் ரிவெட் தலைகளைப் பாருங்கள். லைனிங் மேல்பரப்பிலிருந்து ரிவெட் 0.5 மி.மீ.க்கும் குறைவான ஆழத்தில் இருந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

இப்போது இந்த வேலை முழுவதிலும் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம்: ஃப்ளைவீல். அதன் முகத்தில் நீல நிறத் திட்டுகள் இருந்தால் கடும் சூடு கண்டிருக்கிறது. நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால், அல்லது மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால், கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். முகம் சீவ முடியுமா, மாற்ற வேண்டுமா என்று அவர்கள் சொல்வார்கள். ஆழமான வெடிப்பு இருந்தால் சீவச் சொல்லாதீர்கள், மாற்றிவிடுங்கள். நல்ல முகம் என்றால் எமரித் தாளால் வட்டமாகத் தேய்த்துப் பளபளப்பை எடுத்துவிட்டு பிரேக் கிளீனரால் துடைத்தால் போதும். பெட்ரோல் வேண்டாம். தீ ஆபத்து ஒன்று, பிசுபிசுப்பையும் விட்டுப்போகும். ஃப்ளைவீல் எப்படியும் கண்முன் இருக்கிறது என்பதால், அதைக் கழற்றி பின்னால் உள்ள கிராங்க் ஆயில் சீலை மாற்றிவிடுங்கள் என்பது என் அழுத்தமான ஆலோசனை. பத்து வருடத்துக்கு மேல் ஓடிய ரப்பர் அது. பிறகு மாற்ற வேண்டுமானால் இன்னொரு முறை இவ்வளவும் கழற்ற வேண்டும். ஃப்ளைவீலைத் திரும்பப் போடும்போது போல்ட்டுகளைச் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் முடுக்குங்கள், குத்துமதிப்பு இந்த இடத்தில் கூடாது. ஸ்டார்ட்டர் கடிக்கும் ரிங் கியர் பற்களையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். ஃப்ளைவீல் நடுவில் சின்ன பேரிங் இருந்தால் விரலால் சுற்றிப் பாருங்கள், கரகரத்தால் அதுவும் புதிது.

கியர்பாக்ஸ் பக்கம், ரிலீஸ் ஃபோர்க்கும் அது திரும்பும் புஷ்ஷும் தேய்ந்து ஆடுகிறதா என்று பாருங்கள். புது ரிலீஸ் பேரிங்கை எதிலும் ஊற வைத்துக் கழுவாதீர்கள், உள்ளே உள்ள கிரீஸ் போய்விடும். இன்புட் ஷாஃப்ட் ஸ்ப்லைனில் கிரீஸ் தடவுவது சரிதான், ஆனால் படலமாகத் தெரிந்தால் போதும். அதிகமானால் சுற்றும் வேகத்தில் சிதறி பிளேட்டில் போய் ஒட்டும்.

புது பிரஷர் பிளேட்டின் முகத்தில் துருப் பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் கிளீனரால் துடைத்து எடுங்கள். கிளட்ச் பிளேட் லைனிங்கில் எண்ணெய்க் கை படவே கூடாது. பிளேட்டுக்குப் பக்கம் உண்டு: ஸ்பிரிங்குகள் புடைத்திருக்கும் பக்கம் பொதுவாகக் கியர்பாக்ஸை நோக்கி இருக்க வேண்டும், பெரும்பாலும் பிளேட்டிலேயே எழுதியிருக்கும். தலைகீழாகப் போட்டால் நடுப்பகுதி ஃப்ளைவீல் போல்ட்டுகளில் இடித்து கிளட்ச் விடவே விடாது.

பிளேட் ஃப்ளைவீலின் நடு மையத்தில் நிற்க வேண்டும். அதற்கு அலைன்மென்ட் கருவி என்று பிளாஸ்டிக்கில் மலிவாகக் கிடைக்கிறது. பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்று லேத் பட்டறையிலோ பழைய பாகங்கள் கடையிலோ கிடைத்தால் அதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. கண்ணளவில் வைத்துப் போட்டுவிடும் கைகள் உண்டு, அது பல வருடப் பழக்கம். அலைன்மென்ட் கருவி உள்ளே இருக்கும்போதே பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, சமமாக இறக்கி, 20 முதல் 25 நியூட்டன் மீட்டருக்குள் முடுக்குங்கள். முடிந்ததும் டயஃப்ரம் விரல்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

கியர்பாக்ஸை ஏற்றுவதுதான் பலரைத் தளர வைக்கும் இடம். ஒரு வழி சொல்கிறேன். பெல் ஹவுசிங் போல்ட்டின் மரையே உள்ள நீளமான போல்ட் இரண்டை வாங்கி, தலையை வெட்டி, இன்ஜின் பக்கம் எதிரெதிர்த் துளைகளில் திருகி வையுங்கள். பெட்டி அந்தக் கம்பிகளில் ஏறி நேராக வழுக்கி வரும், ஷாஃப்ட் மேல் எடை விழாது. ஸ்ப்லைன் சேரவில்லை என்றால் கியரில் போட்டு, டிரைவ் ஷாஃப்ட் துளை வழியாக உள்ளே உள்ள கியரை மெல்லத் திருப்புங்கள். சட்டென்று இறங்கும். இரண்டு முகங்களும் கை பலத்திலேயே சேர வேண்டும். இடைவெளி இருக்கும்போது போல்ட்டை முடுக்கி இழுக்காதீர்கள். அலுமினியக் காது உடைந்து கியர்பாக்ஸ் உடம்பையே மாற்றும்படி ஆகும். சேரவில்லையா, பின்னால் இழுத்து, மையத்தைச் சரிபார்த்து, மறுபடி முயலுங்கள்.

மீதி எல்லாம் கழற்றியதன் தலைகீழ் வரிசை. டிரைவ் ஷாஃப்டை உள்ளே தள்ளும்போது சர்க்ளிப் உட்கார்ந்த உணர்வு கையில் தெரிய வேண்டும். உள் ஜாயின்ட்டைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். கியர் ஆயிலை வண்டி சமமாக நிற்கும்போது, நிரப்பும் துளையில் வழியும் வரை ஊற்றுங்கள். கேபிளை மாட்டி, முன்பு சொன்ன ஃப்ரீ பிளேயைக் கொடுங்கள்.

இன்ஜினை ஓடவிடுவதற்கு முன்னால், சக்கரம் தரையில் படாமல் இருக்கும்போதே ஒரு சோதனை: இன்ஜின் அணைந்த நிலையில் கியரில் போட்டு, நண்பரைப் பெடலை மிதிக்கச் சொல்லி, முன் சக்கரங்கள் இரண்டையும் ஒரே திசையில் ஒரே நேரத்தில் கையால் திருப்புங்கள். மிதித்தால் லேசாகச் சுழன்று, விட்டால் இறுகினால் சரி. இறக்கிய பிறகு ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸில் கரகரவென்று பற்கள் உரசினால் கிளட்ச் முழுதாக விடவில்லை, ஃப்ரீ பிளே அதிகம். கேபிளைக் கொஞ்சம் இறுக்கிப் பாருங்கள்.

முதல் 500 கி.மீ. வரை கூட்டமான ரோட்டில் மெதுவாக ஓட்டுவதில் தப்பில்லை, ஆனால் ஆக்ஸிலரேட்டரை அலறவிட்டுக் கிளட்சை விடாதீர்கள், சுமை ஏற்றி மலை ஏறாதீர்கள். லைனிங்கும் ஃப்ளைவீலும் ஒன்றுக்கொன்று படிய அவ்வளவு ஓட்டம் வேண்டும். பெடல் மேல் கால் வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கம் இருந்தால் அதை இப்போதே விடுங்கள். ஏற்றத்தில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக்கில் நிறுத்துங்கள், கிளட்சில் பிடித்து நிறுத்தாதீர்கள். பழைய பிளேட்டைத் தின்றது பெரும்பாலும் அந்த இரண்டும்தான்.

50 கி.மீ. ஓடியதும் சக்கர நட்டுகளை ஒரு முறை முடுக்கிப் பாருங்கள். ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டை ஒன்றை விரித்து, காலையில் பெல் ஹவுசிங்குக்கும் டிரைவ் ஷாஃப்ட் இரண்டுக்கும் நேர் கீழே எண்ணெய்ப் பொட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். 500 கி.மீ. தாண்டியதும் ஃப்ரீ பிளேயைத் திரும்ப அளந்து சரிசெய்யுங்கள், புது பிளேட் படியும்போது அது சற்று மாறியிருக்கும். வடித்த பழைய கியர் ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் அடைத்து, பழைய எண்ணெய் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.